அப்பாவின் மூன்று குழல் துப்பாக்கி என் பெயருக்கு வந்த விதம்

மேலூர் பக்கம் பழைய குடும்பங்கள் சிலவற்றில் இன்னமும் உரிமத்தோடு துப்பாக்கி உண்டு. பெரும்பாலும் தோட்டக் காவலுக்கு வாங்கிய ஒற்றைக்குழலோ ரெட்டைக்குழலோதான். எங்கள் வீட்டில் இருந்தது வேறு ரகம். மேலே 16 போர் (போர் என்பது குழலின் உள்ளளவு) குழல் இரண்டு, அவற்றின் அடியில் ஒடுங்கினாற்போல் ஒரு ரைஃபிள் குழல். ஜெர்மானியர் டிரில்லிங் என்று சொல்வது. கொடைக்கானல் மலையில் எஸ்டேட்டை விற்றுவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் தாத்தா வாங்கியதாகச் சொல்வார்கள். அவருக்குப் பிறகு அப்பா. அப்பா தவறியதும் என் முறை.

உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நான் மதுரையில் ஒரு கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். என் யோசனையும் கடைதான். பழைய இரும்புக்கும் வால்நட் கட்டைக்கும் எண்ணெயும் துடைப்பும் வேண்டும், அங்கே அதைச் செய்ய ஆள் உண்டு.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, அம்மாவும் அக்காவும் கையெழுத்திட்ட ஆட்சேபனை இல்லைக் கடிதம், உரிம விண்ணப்பமான படிவம் ஏ-1, மருத்துவச் சான்று, துப்பாக்கி கையாளும் பயிற்சிச் சான்று, பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி. அப்புறம் போலீஸ் விசாரணையும் வருவாய்த்துறை விசாரணையும். எதற்குத் துப்பாக்கி என்று எல்லா இடத்திலும் கேட்டார்கள். 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கும்போது வேட்டை என்ற பேச்சே கிடையாது. குடும்பச் சொத்து, காப்பாற்றி வைக்க வேண்டும் என்றே எல்லா இடத்திலும் எழுதிக் கொடுத்தேன்.

சிக்கல் வந்தது துப்பாக்கியை நேரில் பார்த்தபோதுதான். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் ‘டிபிபிஎல் 16 போர்’ என்று மட்டும் இருந்தது. அதாவது ரெட்டைக்குழல். பார்க்க வந்த அதிகாரி குழலை எண்ணினார். “புத்தகத்துல ரெண்டு, கையில மூணு. மூணாவது என்ன போர்னு ஆதாரத்தோட எழுதிக் குடுங்க தம்பி” என்றார். அவர் கேட்டது நியாயம். ஆனால் அந்தக் குழலின் மேல் எங்கும் அளவு எழுதியிருக்கவில்லை.

கடையில் ரிப்பேர் பார்க்கும் பெரியவர்தான் வழி காட்டினார். குழல்களின் அடியில் இருக்கும் முன்கட்டையைக் கழற்றிக் குழல்களைத் தனியே எடுத்து, அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து லென்ஸைக் கையில் கொடுத்தார். அத்தனையும் அங்கே இருந்தது. ஜெர்மனியின் 1891 துப்பாக்கிச் சோதனைச் சட்டப்படி அடித்த முத்திரைகள். கிரீடத்தின் கீழ் ‘எஸ்’ என்றால் சிதறு தோட்டாவுக்கான குழல், ‘ஜி’ என்றால் உள்ளே வரி வெட்டிய குழல், ‘டபிள்யூ’ என்றால் வாய் ஒடுக்கிய குழல். ரைஃபிள் குழலில் 108,49 (நம் வழக்கில் 108.49) என்று ஓர் எண். அந்தக் காலத்தில் ரைஃபிளையும் போர் கணக்கில்தான் குறித்தார்கள். குழலுக்குள் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பது கணக்கு. 108.49 என்றால் விட்டம் ஏறக்குறைய 8.9 மில்லிமீட்டர். அது வரிகளுக்கு இடையே உள்ள மேட்டின் அளவு, பள்ளத்தையும் சேர்த்தால் 9.3-க்கு வந்துவிடும்.

தோட்டா உட்காரும் அறையின் அளவும் தெரிந்தால்தானே முடிவு செய்ய முடியும்? பெரியவர் கந்தகத்தை நிதானமான சூட்டில் உருக்கி, குழலை உள்ளே அடைத்துவிட்டு ஊற்றினார். ஆறியதும் தட்டி எடுத்தார். மஞ்சள் குச்சியாக வெளியே வந்தது அறையின் அச்சு. வெர்னியர் அளவுகோலில் அளந்தால் நீளம் 72 மில்லிமீட்டர், பின்னால் விளிம்பு. 9.3x72 ஆர், ‘ஆர்’ என்பது அந்த விளிம்பு. ஜெர்மன் வேட்டைக்காரர்கள் பெரிதும் கையாண்ட தோட்டா. முத்திரைகளின் படங்களோடு கடையின் கடிதத்தாளில் இதை எழுதி வாங்கி இணைத்தேன்.

அந்தப் பகலில்தான் துப்பாக்கியை முழுசாகப் பார்த்தேன். குழல்களின் மேற்பட்டையில் விற்ற கடையின் பெயர் இருக்கிறதே தவிர, செய்தவர் பெயர் இல்லை. ஜெர்மனியில் சூல் மாதிரியான துப்பாக்கி செய்யும் ஊர்களில் குழல் செய்பவர், பூட்டுக்கு அரம் போடுபவர், கட்டை இழைப்பவர், சித்திரம் வெட்டுபவர் என்று ஆளுக்கொரு தொழில். பின்பக்கம் கட்டைவிரலால் ஒரு சிறு விசையை முன்னே தள்ளினால் போதும், படுத்திருந்த குறிபார்க்கும் தகடு தானாக எழுந்து நிற்கிறது, வலது குதிரை சிதறு குழலை விட்டு ரைஃபிளுக்கு மாறிவிடுகிறது. ஒரே அசைவில் இரண்டு வேலை, உள்ளே இருப்பதெல்லாம் அரத்தால் தேய்த்த துண்டுகள். விரல் காப்பு எருமைக் கொம்பில் செய்தது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது குழல்களை இணைத்த வேலை. மூன்றையும் ஈயப் பற்று வைத்து ஒன்றாக்கி, மூன்றும் ஒரே இடத்தில் அடிக்கும்படி சுட்டுப் பார்த்து, பற்றை இளக்கித் திருத்தி, மறுபடி சுட்டுப் பார்ப்பார்கள். அந்தப் பொறுமைக்கு விலை போடவே முடியாது.

அறிக்கை போனதும் விசாரணை நகர்ந்தது. புதிய உரிமத்தில் ‘மூன்று குழல், 16 போர் இரண்டு, 9.3x72 ஆர் ரைஃபிள் ஒன்று’ என்று தெளிவாக ஏறியிருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டுக்குச் செல்லும், ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்திருக்கலாம்.

வீட்டில் பெரியவர்கள் உரிமத்தோடு இருக்கிறவர்களுக்கு ஒன்று. 2016 ஆயுத விதிகளின் 25-ஆம் விதிப்படி, உரிமதாரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை வைத்திருந்து 25 ஆண்டு முடிந்தாலோ, அவர் இருக்கும்போதே வாரிசு ஒருவரின் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். அப்போதே முன்கட்டையைக் கழற்றி அடிமுத்திரைகளைப் படமெடுத்து வையுங்கள். மெருகேற்றுகிறேன் என்று யாராவது தேய்க்க வந்தால் விடாதீர்கள். முத்திரை மழுங்கிவிட்டால் அந்தத் துப்பாக்கி என்ன போர் என்று நிரூபிக்கக் கந்தக அச்சு ஒன்றுதான் மிஞ்சும்.