சுரங்கப் பாறையை ஜல்லியாக்க அனுமதி பெற்ற அனுபவம்

லெனேசியாவில் நடைபாதைக் கல் வார்க்கும் எங்கள் பட்டறைக்கு, ஜோகன்னஸ்பர்க்கிற்கு மேற்கே மூடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்தின் பாறைக் குவியலிலிருந்து ஜல்லி எடுக்க அனுமதி பெற்ற விதத்தை, இதே முயற்சியில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

தங்கச் சுரங்கக் கழிவு இரு வகைப்படும். தாதுவை அரைத்துத் தங்கம் பிரித்தபின் எஞ்சும் சேறு மஞ்சள் மேடுகளாக நிற்கிறது. அதை நாங்கள் தொடவே இல்லை. நாங்கள் கேட்டது, தாதுப் படிவை அடைவதற்காகச் சுரங்கப்பாதை வெட்டியபோது மேலே கொண்டுவந்து கொட்டிய குவார்ட்சைட் பாறையை. ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அதுவும் கழிவுதான். 2018இல் வெளியான விதிகள், பயனுள்ள மறுபயன்பாடு என்று நிறுவினால் கழிவுச் சட்டத்திலிருந்து விலக்குக் கேட்க வழி செய்திருந்தன.

அதிகம் அலைய வைத்தது கதிரியக்கச் சோதனை. ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கப் பகுதியின் தாதுவில் தங்கத்தோடு யுரேனியமும் இருப்பதால், கிராமுக்கு 0.5 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற வரம்புக்குள் பாறை இருக்கிறதா என்று காட்ட வேண்டும். பருங்கல் வரம்புக்குள் வந்தது. சலித்த பொடி வரவில்லை. பாறை உடையும்போது தங்கமும் யுரேனியமும் பொடியில்தான் கூடுதலாகச் சேர்கின்றன. எனவே பொடியைத் தனியே பிரித்துத் தங்க ஆலைக்கு அனுப்புவதாகத் திட்டத்தை மாற்றினோம். அதில் கிடைத்த பணம் சலிப்புச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டியது.

அடுத்த சிக்கல், இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்ற கனிமம். காற்றும் மழையும் பட்டால் அது கந்தக அமிலத்தை உண்டாக்கி, சிமெண்டுக்குள் உப்பி, கல்லில் துருக்கறையை வெளியே தள்ளும். பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் மாமா, மாதிரிகளை நனைத்து வெயிலில் திருப்பிப் பார்த்து, வெள்ளைக் கூழாங்கற்கள் பதிந்து பித்தளைபோல் மினுங்கிய துண்டுகளை ஒதுக்கிவிட்டு, “தம்பி, இது தாதுக்கல், இதை என்னிடம் அனுப்பாதே” என்றார். ஆய்வக அறிக்கையிலும் கந்தகம் மிகுந்தவை அவையே.

விண்ணப்பத்தை நகர்த்தியது, என் கணிப்பில், சோதனை எண்களைவிடப் பழைய சுரங்க வரைபடம்தான். எந்தப் பாதையின் பாறை குவியலின் எந்தப் பக்கத்தில் கொட்டப்பட்டது என்பதை அதைக் கொண்டு காட்ட முடிந்ததால், தாது கலந்த பகுதியை மட்டும் விலக்கி, மற்றதற்கு அனுமதி தந்தார்கள். ஆகவே ஆய்வகத்துக்குப் பணம் கட்டும் முன்பே சுரங்க உரிமையாளரிடம் வரைபடத்தைக் கேட்டு வாங்கி, மாதிரி எடுக்கும் இடங்களை அதன்படி குறித்துக்கொள்ளுங்கள்.