பாயிலின் காற்றுப் பம்பைச் சிறிய அளவில் செய்து பார்த்தது

அறிவியலாளர் ராபர்ட் பாயில் 1660இல் வெளியிட்ட நூலில், குடுவையிலிருந்து காற்றை வெளியேற்றும் தம் பம்பின் அளவுகளைத் தந்திருக்கிறார்: மேலே சுமார் 28 லிட்டர் கொள்ளும் கண்ணாடிக் குடுவை, கீழே ஏறத்தாழ 14 அங்குல நீளமும் 3 அங்குல உள்விட்டமும் கொண்ட பித்தளை உருளை. அவருடைய உதவியாளர் ராபர்ட் ஹூக் உருவாக்கிய அந்த அமைப்பைப் பின்பற்றி, 1 அங்குல உள்விட்டமும் 6 அங்குல நீளமும் உள்ள பித்தளைக் குழாயையும் 1 லிட்டர் கொள்ளும் தடித்த அக்ரிலிக் கலனையும் கொண்டு ஒரு பம்பைச் செய்தேன். (சாதாரணக் கண்ணாடிப் புட்டி உள்நோக்கி நொறுங்கக்கூடும், அதை யாரும் பயன்படுத்த வேண்டாம்.)

மூலக் கருவியில் பிஸ்டனை இழுக்கப் பற்சட்டமும் பற்சக்கரமும் ஏன் தேவைப்பட்டன என்பது கணக்கிலேயே தெரிகிறது. 3 அங்குலப் பிஸ்டனை வளிமண்டலம் ஏறத்தாழ 47 கிலோ எடைக்கு நிகரான விசையுடன் அழுத்துகிறது. என்னுடையதில் அது 5 கிலோவுக்குச் சற்று மேல் என்பதால் கையால் இழுப்பதே போதும்.

இயக்கும் முறை பொறுமையைக் கோருவது. கலனுக்கும் உருளைக்கும் இடையே உள்ள ஸ்டாப்காக்கை (திருகித் திறந்து மூடும் குழாய் அடைப்பை) மூடிப் பிஸ்டனைக் கீழே இழுத்த பின் அதைத் திறந்தால், கலனில் உள்ள காற்றின் ஒரு பகுதி உருளைக்குள் விரியும். மீண்டும் மூடி, உருளையின் மேல்முனையருகே உள்ள கூம்பு வடிவ அடைப்பானைக் கையால் எடுத்துவிட்டுப் பிஸ்டனை மேலே தள்ளினால் அந்தக் காற்று வெளியேறும். அடைப்பானைப் பட்டறையில் கடைந்து வாங்கி, தேய்ப்புப் பசை தடவி அதன் துளையிலேயே வைத்துத் தேய்த்துப் பொருத்தினேன்.

கணக்குப்படி பத்து இழுப்பில் அழுத்தம் பாதிக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். அதுவரை அழுத்தமானி ஏறக்குறைய ஒத்துப்போனது. அதன் பிறகுதான் முள் தயங்கியது. பிஸ்டன் மேலே முட்டி நின்ற பிறகும் மூலைகளிலும் ஸ்டாப்காக்கின் துளையிலும் எஞ்சும் காற்று, அடுத்த இழுப்பில் மீண்டும் விரிந்து இடத்தை நிரப்பிவிடுகிறது. பாயில் தம் பம்பில் சாலட் எண்ணெய் ஊற்றியது வழுக்கலுக்காகவும் கசிவை அடைப்பதற்காகவும் என்றே நினைத்திருந்தேன். செருப்புத் தோல் சுற்றிய பிஸ்டனின் மேல் விளக்கெண்ணெயைத் தேங்கவிட்டபோது, அது மூலைகளை நிரப்பி எஞ்சிய காற்றை அடைப்பான் துளை வழியே வெளியே தள்ளியது. முள் மேலும் இறங்கியது. உருளையைக் குடுவைக்குக் கீழே நிமிர்த்தி வைத்த ஹூக்கின் அமைப்பில்தான் இது எளிதாக நடக்கிறது என்பதால், எனக்கு அதன் மீது மதிப்புக் கூடியது.

பிரான்சிஸ் ஹாக்ஸ்பீயின் பிற்கால இரட்டை உருளைப் பம்பில், ஒரு பிஸ்டனின் மீதுள்ள அழுத்தம் மற்றொன்றின் மீதுள்ளதை ஈடுசெய்யும். 5 கிலோ இழுப்புக்கு அது வீண் வேலை என்பதால், அடுத்ததாக ஸ்டாப்காக்கின் துளையைச் சிறிதாக்கப் போகிறேன்.