பதினொரு மூட்டை நெல்லின் எடையில் ஒரு கார்

இங்கிலாந்தில் வேலை பார்த்த நாட்களில், பழைய கார்களின் மேல் பித்துக்கொண்ட நண்பர் ஒருவரின் தயவால், 1960-களின் லோட்டஸ் எலான், முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்ற இரண்டு பேர் அமரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் இரண்டையும் ஒரே நாளில் ஓட்டிப் பார்க்க எனக்கு வாய்த்தது. ஊர் திரும்பித் திருவையாற்றில் குடியேறிய பிறகும், கல்லணைச் சாலையில் ஆற்றையொட்டி வரும் வளைவுகளில் என் காரைத் திருப்பும்போதெல்லாம், மனம் அவ்விரண்டையும் எடைபோட்டுக்கொண்டே இருக்கிறது.

1962-இல் அறிமுகமான எலானின் எடை ஏறத்தாழ 680 கிலோ. எங்கள் பக்கத்து அறுபது கிலோ மூட்டைக் கணக்கில், பதினொரு மூட்டை நெல்லுக்குச் சற்று மேல். எடையைக் குறைப்பதையே வேதமாகக் கொண்டிருந்த காலின் சாப்மன் தொடங்கிய லோட்டஸ் நிறுவனம், எஃகுத் தகட்டில் முதுகெலும்பு போன்ற ஒரு சட்டத்தை நடுவில் அமைத்து, அதன்மேல் ஃபைபர் கிளாஸ் பாடியைக் கவிழ்த்தது. ஃபோர்டு எஞ்சின் பிளாக்கின்மேல் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் இரண்டு கொண்ட தன் சொந்த ஹெட்டைப் பொருத்தி, 1558 சிசியில் சுமார் 105 குதிரைத்திறனைப் பெற்றது. இந்த எண்களைவிட அதன் ஸ்டீயரிங்தான் எனக்கு முக்கியம். ரேக்ளா ஓட்டியவர்கள், மாட்டின் எண்ணம் கயிற்றின் வழியே கைக்கு வந்துவிடும் என்பார்கள். எலானில் முன்சக்கரம் மிதிக்கும் சரளைக்கல்கூட அப்படித்தான் உள்ளங்கைக்கு வந்து சேர்கிறது.

ஆனால், பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டுகளில் சாப்மன் ரப்பர் இணைப்புகளை வைத்திருந்தார். கிளட்சைப் பதமாக விடாவிட்டால் அந்த ரப்பர் முறுக்கேறித் தளர, மூக்கணாங்கயிற்றை உதறும் காளையைப் போல வண்டி முன்னும் பின்னும் குலுங்கும்.

1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் வெளியான மாஸ்டா, எலானைக் கூர்ந்து படித்தவர்களின் கைவேலை என்பது பார்த்தவுடனே தெரியும். மேலெழும்பும் முகப்பு விளக்குகள்கூட அப்படியே. எலானில் அவற்றை எழுப்புவது எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம், இதில் மின்மோட்டார். அந்தக் குலுக்கலுக்கு அவர்கள் கண்ட விடைதான் என்னை வியக்க வைத்தது. கியர்பாக்ஸையும் சுழற்சியைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் ஓர் அலுமினியச் சட்டத்தால் இறுகப் பிணைத்துவிட்டார்கள். அதனால் ஆக்சிலரேட்டரை மிதித்த கணமே பின்சக்கரம் பதில் சொல்கிறது. குதிரையும் வீரனும் ஒன்றாதல் என்பதைத் தலைமைப் பொறியாளர் தோஷிஹிகோ ஹிராயின் குழு கொள்கையாகவே வைத்திருந்தது; வெறும் விளம்பரப் பேச்சென்று நினைத்திருந்த நான், ஓட்டிய பிறகு ஒப்புக்கொண்டேன்.

மாஸ்டாவின் எடையோ ஏறத்தாழ 950 கிலோ. கூடுதலான அந்த நாலரை மூட்டை எஃகு உடலிலும், மோதலைத் தாங்கும் கதவுகளிலும், மழையில் ஒழுகாத மேற்கூரையிலும் போயிற்று. வீண்செலவென்று சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் கைக்கு வரும் செய்தி எலானில் இருந்த அளவுக்கு இதில் இல்லை.

எங்கள் சாலைக்கு எது என்று கேட்டால் தயங்காமல் மாஸ்டாவைத்தான் சொல்வேன். அறுவடைக் காலத்தில் சாலையின் பாதியில் நெல் காயும். மீதிப் பாதியில் எதிரே டிராக்டர் வரும். போதாக்குறைக்கு ஊருக்கு ஊர் ஸ்பீடு பிரேக்கர். எலானின் புகைப்படத்தைக் காட்டி இதையெல்லாம் விளக்கியபோது, என் காரைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அண்ணன் எஞ்சினைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. "அடி தரையிலேருந்து எத்தனை இஞ்சு தம்பி?" என்று மட்டும் கேட்டார்.