அகவிலைப்படிக்கு முன் அரை மணி நேரம்

ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் நாள். மூளையைப் பாதித்து உடல் அசைவுகளை மெதுவாக்கும் இந்நோயை 1817இல் விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பிறந்த நாள் அது. அப்பாவுக்கு இந்நோய் வந்த பிறகு, அதையொட்டி எங்கள் ஊரில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த நினைத்தேன். மண்டபம் கேட்டுப் போனால், "கல்யாணத்துக்குப் பார்க்க வருகிறவர்கள் யோசிப்பார்கள்" என்று கையை விரித்தார் உரிமையாளர். இடம் கிடைத்தாலும் யார் வருவார்கள்? தனக்கு நோய் இருப்பதே தெரியாதவர் நோய்க் கூட்டத்துக்கு எதற்கு வருகிறார்?

"ஆட்களை ஏன் கூட்டுகிறாய்? கூடியிருக்கிற இடத்துக்குப் போ" என்றார் அம்மா. ஓய்வூதியர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் கேட்டேன். அகவிலைப்படி பற்றிய பேச்சுக்கு முன்னால் வைத்துக்கொள்ளச் சொன்னார் செயலாளர். கெட்டிக்காரர்; அது முடியாமல் அங்கே ஒருவரும் எழுந்து போக மாட்டார்கள்.

மூளைப் படமெல்லாம் வேண்டாம், வீட்டில் கண்ணில் படுவதைச் சொல்லுங்கள் என்று நரம்பியல் மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தேன். கை நடுக்கம் எல்லா நோயாளிக்கும் வருவதில்லை என்றுதான் தொடங்கினார். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமலிருப்பது, வாசனை தெரியாமல் போவது, தீராத மலச்சிக்கல், தூக்கத்தில் கத்தி உதைப்பது எல்லாம் கவனிக்க வேண்டியவை. "வயசானால் அப்படித்தான்" என்று நாம் தள்ளிவிடுகிற சங்கதிகள்.

பிறகு எல்லாரையும் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். முன்வரிசையில் இருந்த ஒருவரின் முதல் வரி முத்து முத்தாக இருந்தது. போகப்போக எழுத்து சுருங்கி, கடைசி வரியைக் கண்ணாடி போட்டும் படிக்க முடியவில்லை. "பெருங்காயம் போட்டாயா என்று தினமும் கேட்கிறார், ரசம் மணக்க மணக்க இருக்கும்போதே" என்றார் அவர் மனைவி. மருத்துவர் அங்கே எந்த முடிவும் சொல்லவில்லை. நேரில் வரச் சொன்னார்.

பூனைக்காலி விதைப்பொடி சாப்பிடலாமா என்று எதிர்பார்த்த கேள்வியும் வந்தது. பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் மாத்திரையில் உள்ள லெவோடோபா என்ற மருந்து அதிலும் உண்மையிலேயே இருக்கிறது, அதனால்தான் மாத்திரையோடு நாமாகச் சேர்த்துக்கொண்டால் அளவு தெரியாமல் போகும் என்றார். மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் பார்க்கின்சனும் உண்டு என்று நான் சொன்னதும் கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அரசாங்கத்தில் காலம் கழித்தவர்கள் அல்லவா! சான்றிதழ், மனு, மாவட்ட அலுவலகம் என்று கேள்வி மேல் கேள்வி. அகவிலைப்படி அன்று தாமதமாகத்தான் தொடங்கியது.

பக்கத்துத் தாலுகா சங்கத்திலும் பேச அழைத்திருக்கிறார்கள். புரதம் மிகுந்த சாப்பாட்டோடு விழுங்கினால் லெவோடோபா சிலருக்குச் சரியாக வேலை செய்யாது என்பதையும் அங்கே சேர்த்துச் சொல்லும்படி மருத்துவரிடம் கேட்டிருக்கிறேன்.