பனிக்குள் மரம் வெட்டப் போனவர்கள்

ஏப்ரல் 3, 2025, வியாழன்

மருமகன் காலையிலேயே மரக்காலைக்கு வந்துவிட்டான். அக்காவின் கடைசி மகன், வயது 24. இரண்டு வருடமாக என்னோடு வாள் மிசினில் நிற்கிறான். கையில் ஒரு நீல ஃபைல். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் ஊடாகக் கட்டட வேலைக்கு விண்ணப்பித்திருந்தானாம், பெயர் வந்துவிட்டதாம். நாடு இஸ்ரேல்.

"மாமா, அம்மாட்ட நீங்கதான் சொல்லோணும்" என்றான்.

எனக்கு உடனே பேச்சு வரவில்லை. 2023 ஒக்டோபருக்குப் பிறகு அங்கே தோட்டங்களில் நின்ற தாய்லாந்துக்காரர் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். கட்டடங்களில் நின்ற பலஸ்தீனத் தொழிலாளர்களின் வேலை அனுமதியை நிறுத்திவிட்டார்கள். அந்த இடங்களை நிரப்பத்தான் இங்கிருந்து ஆள் எடுக்கிறார்கள். இது அவனுக்கும் தெரியும். "நான் சண்டைக்கா போறன் மாமா, சீமெந்து குழைக்கத்தானே" என்றான்.

நாள் முழுக்க அந்தப் பேச்சுத்தான் காதில் நின்றது. மரத்தூள் கூட்டும்போதும் அதேதான். சண்டை பிடிக்காமல், ஆனால் சண்டை பிடிக்கும் நாட்டுக்கு வேலைக்குக் கடல் தாண்டிப் போனவர்கள் முன்பும் இருந்திருப்பார்கள்தானே? இரவு தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசிப்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

இருந்திருக்கிறார்கள். அதுவும் என் தொழில்காரர்கள்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியபோது பிரித்தானியாவுக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதி வெளியில் இருந்துதான் வந்தது. பால்டிக், ஸ்கண்டிநேவியப் பக்கத்துக் கடல்வழியில் ஜேர்மனி குறுக்கே நின்றதால் மரக்கப்பல் வரத்து முடங்கத் தொடங்கியது. மரம் என்றவுடன் கதிரை மேசை என்று நினைக்கக்கூடாது. நிலக்கரிச் சுரங்கத்தின் கூரை இடிந்து விழாமல் தாங்குவது மர முட்டு. முட்டு இல்லாவிட்டால் சுரங்கத்துக்குள் ஆள் இறங்க முடியாது, கரி வராது, ஆலை ஓடாது. காடு ஸ்கொட்லாந்தில் இருந்தது. வெட்ட ஆள் இல்லை, இளைஞர்கள் எல்லாம் படையில்.

அப்போதுதான் கடல் தாண்டி ஆள் கேட்டார்கள். முதலில் நியூபவுண்ட்லாந்து. அது அப்போது கனடாவோடு சேரவில்லை, பிரித்தானியாவின் கீழ் தனியாக இருந்தது. 1939 நவம்பரில் அழைப்பு விட்டார்கள், டிசம்பரிலேயே முதல் தொகுதி கப்பல் ஏறிவிட்டது. சிவிலியன்கள், 6 மாத ஒப்பந்தம். போர் முடியும்வரை மொத்தம் ஏறக்குறைய 3,600 பேர் அந்த வனப் பிரிவில் இருந்திருக்கிறார்கள். தாங்கள் வெட்டிய மரத்திலேயே தங்களுக்குக் குடில் கட்டிக்கொண்டார்கள். அவர்களில் பலர் பகல் முழுக்க மரம் வெட்டிவிட்டு, ஊர்க்காவல் பயிற்சிக்கும் போனார்கள்.

அடுத்தது பிரித்தானிய ஹொண்டுராஸ், இன்றைய பெலீஸ். இந்தப் பெயரைக் கண்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மஹோகனியின் ஊர் அது. என் மரக்காலையில் இப்போது அதிகம் போவது மஹோகனிதான். முதிரையும் பாலையும் பெர்மிட் இல்லாமல் தொட முடியாது, தேக்கு விலை ஏறிவிட்டது, கதவு நிலைக்கு வருகிறவர்கள் மஹோகனியைத்தான் கேட்கிறார்கள். மத்திய அமெரிக்கக் காட்டு மரம் வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே வந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாக வெட்டி, ஆற்று வெள்ளத்தில் மிதக்கவிட்டுக் கரை சேர்த்த மனிதர்களைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒருநாளும் நினைத்ததில்லை.

1941இலும் 1942இலும் இரண்டு தொகுதியாக, சுமார் 900 பேர் அங்கிருந்து ஸ்கொட்லாந்துக்குப் போனார்கள்.

ஏப்ரல் 9, புதன்

இன்று பிரித்தானியரின் ஹேர்மிஸ் கப்பல் மூழ்கிய நாள். மாலை மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரைக்கு நடந்தேன். 1942 இதே நாளில் ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கிவிட்டு, எங்கள் கடலில் அந்த விமானந்தாங்கிக் கப்பலைக் குண்டு போட்டுத் தாழ்த்தின. 307 பேர் இறந்தார்கள். கூட வந்த வம்பயர், ஹொலிஹொக் போர்க்கப்பல்களும் போயின. இரண்டு எண்ணெய்க் கப்பல்களும் போயின. எண்ணெய்க் கப்பலில் நின்றவர்கள் படையினர் இல்லை, சம்பளத்துக்கு வேலை செய்த கப்பல்காரர்கள். ஹேர்மிஸைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரியும், முத்துக்குளிப்பது போல ஆட்கள் போய்ப் பார்த்து வருகிறார்கள். எண்ணெய்க் கப்பல்களைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 14, திங்கள்

விசுவாவசு வருடப் பிறப்பு. மருத்துநீர் வைத்து, கோயிலுக்குப் போய்விட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். கைவிசேடம் கொடுத்த பிறகு மெதுவாகச் சொன்னேன்.

அக்கா அழவில்லை. அடுப்பில் நின்ற பொங்கல் பானையை இறக்கி வைத்தா. "தம்பி, நாங்க முப்பது வருசம் சண்டைக்குள்ள கிடந்தது போதாதா? மறுகா ஊரான் சண்டைக்குள்ள இவன அனுப்புறதா?" என்று கேட்டா. மருமகன் கதவோடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வாசித்ததைச் சொன்னேன். பெலீஸ்காரர்கள் ஏன் போனார்கள் என்று. 1931 செப்டம்பர் 10ஆம் திகதி ஒரு சூறாவளி பெலீஸ் நகரத்தை அள்ளிக்கொண்டு போனது, 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே காலத்தில் உலகமெங்கும் மந்தம், மஹோகனிக்கு விலை இல்லை. காட்டில் வேலை இல்லாமல் பத்து வருடம் கிடந்தவனிடம் சம்பளம் தருகிறோம் வா என்றால் வருவான்தானே. அதற்குப் பெயர் தொண்டர் சேர்ப்பு.

அக்காவுக்குச் சூறாவளி என்றால் விளக்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23இல் எனக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. விடிந்து பார்த்தபோது வளவில் ஒரு தென்னை நிற்கவில்லை. அப்பா விழுந்த மரங்களை வாங்கி அரிந்து விற்றுத்தான் இந்த மரக்காலையைத் தொடங்கினார். அந்த வருடம் யாராவது வந்து கப்பலில் ஏறு என்று சொல்லியிருந்தால் அப்பாவும் ஏறியிருப்பார்.

"ஏறியிருப்பார்தான்" என்று அக்காவும் சொன்னா. அதற்குமேல் இன்று பேசவில்லை.

ஏப்ரல் 17, வியாழன்

இரவு கரண்ட் இல்லை. போனில் வாசித்தேன். தூக்கம் போய்விட்டது.

முதல் தொகுதி இறங்கியது 1941 இலையுதிர் காலத்தில், குளிர் தொடங்கும் நேரம். ஈஸ்ற் லோதியனில் ட்ரப்ரெயின் லோ, வேறு இடங்களில் டன்ஸ், கேர்க்பட்ரிக் ஃபிளெமிங் என்று மூன்று முகாம். வந்தவர்கள் பனியையே கண்டிராதவர்கள். முகாம் ஆயத்தமாக இருக்கவில்லை. மரக் கொட்டில்களுக்குள் காற்றும் ஈரமும் வந்தன, சூடாக்கும் வசதி போதவில்லை, குளிருக்கு ஏற்ற உடுப்பும் சப்பாத்தும் போதவில்லை. நிறையப் பேர் நெஞ்சுச் சளி, நிமோனியா என்று விழுந்தார்கள்.

மரத்தொழில் செய்கிறவன் இதை எப்படி வாசிப்பான் என்று சொல்கிறேன். கோடரி பிடிக்கும் கைக்கு விறைப்பு ஏறினால் வெட்டு எங்கே விழும் என்று தெரியாது. ஈரமான சப்பாத்தோடு சறுக்கும் சரிவில் நின்று மரம் தள்ளுவது உயிரோடு விளையாட்டு. மஹோகனிக்காரனுக்கு ஒவ்வொரு மரமாகச் சுற்றிப் பார்த்து, மேடை கட்டி நின்று வெட்டுவதுதான் பழக்கம். அங்கே நெருக்கி நட்ட ஊசியிலை மரம், முட்டு அளவுக்குத் துண்டு துண்டாக வேண்டும். அளவு வேறு, வேகம் வேறு. இந்த நிலையில் "இவர்கள் வேலை குறைவு" என்று முறைப்பாடு எழுதினார்கள் என்று வாசித்தபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போதும் தணியவில்லை.

இன்னொன்று. 1942இல் பக்ளூ கோமகன் என்ற பெரிய காணிக்காரர் அரசாங்கத்துக்கு முறைப்பாடு அனுப்பினார். கொட்டில் ஒழுகுகிறது என்றா? இல்லை. இந்தக் கறுப்பு மனிதர்கள் உள்ளூர்ப் பெண்களோடு பழகுகிறார்கள் என்று. பதில் எழுதியவர் காலனி நாடுகளைப் பார்க்கும் குடியேற்ற அலுவலகத்தில் இருந்த ஹரோல்ட் மக்மிலன், பின்னாளில் பிரதமரானவர். அவர் அந்த முறைப்பாட்டைப் பெரிதாக எடுக்கவில்லை. ஊர்ச்சனம் பலர் அவர்களை நன்றாகத்தான் ஏற்றுக்கொண்டார்கள், கலியாணங்களும் நடந்தன.

1943 முடியுமுன் பிரிவையே கலைத்துவிட்டார்கள். போர் முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. பெரும்பாலானோரைத் திருப்பி அனுப்பினார்கள். நின்றவர்களில் ஒருவர் சாம் மார்ட்டினெஸ். எடின்பரோவிலேயே வாழ்ந்து, 2016இல் 106 வயதில் இறந்தார். நியூபவுண்ட்லாந்துக்காரர்களின் பிரிவு மட்டும் 1946 வரை இருந்தது. இரண்டு பேரும் ஒரே வேலைக்குத்தான் வந்தார்கள். தோலின் நிறத்தைத் தவிர வேறு என்ன காரணம் என்று யோசித்துப் பார்க்கிறேன், எனக்குப் பிடிபடவில்லை.

ஏப்ரல் 19, சனி

காத்தான்குடித் தச்சு நானா பலகை எடுக்க வந்தார். முப்பது வருடப் பழக்கம். மருமகன் போகும் நாட்டைச் சொன்னதும் பலகையைத் தடவிக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டார். காசாவில் நடப்பதை அவர் தினமும் பார்க்கிறார், நானும் பார்க்கிறேன்.

"வேற நாடு கிடைக்கல்லியா?" என்று கேட்டார்.

கட்டடத்தில் நின்ற பலஸ்தீனக்காரனின் இடத்துக்குத்தான் இவன் போகிறான் என்பதும் அந்தக் கேள்விக்குள் இருந்தது. என்னிடம் பதில் இல்லை. அக்கா வீட்டுக் கடன் எவ்வளவு என்று அவருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "புள்ள சுகமா போய் சுகமா வரட்டும், துஆ செய்றன்" என்று சொல்லிவிட்டுப் பலகையை ஏற்றினார். இந்த வாழ்த்தை வாங்குவது எனக்குப் பாரமாக இருந்தது.

ஏப்ரல் 26, சனி

மருமகனுக்குக் கிரிக்கெட் பைத்தியம். அதனால் லியரி கொன்ஸ்டன்டைன் கதையைச் சொன்னேன். மேற்கிந்தியத் தீவுகளின் முதல் டெஸ்ட் அணியில் ஆடியவர். போர்க்காலத்தில் தீவுகளில் இருந்து சுமார் 350 தொழில்நுட்பக்காரரும் பயிற்சியாளரும் லிவர்பூல், லங்கஷயர் பக்கம் ஆயுத ஆலைகளுக்கு விரும்பி வந்தார்கள். அவர்களின் நலன் பார்க்கும் அதிகாரியாகத் தொழில் அமைச்சு 1941இல் இவரை நியமித்தது. தங்குமிடம், ஆலையில் பாகுபாடு, ஊருக்குக் காசு அனுப்புவது, எல்லாவற்றுக்கும் இவரிடம்தான் வந்தார்கள்.

1943இல் லண்டனில் கிரிக்கெட் ஆட வந்தபோது, முன்கூட்டியே அறை பதிந்திருந்த ஹோட்டல் அவரையும் குடும்பத்தையும் தங்கவிடவில்லை. அவர் வழக்குப் போட்டு 1944இல் வென்றார். நட்டஈடு ஐந்து கினி, சொற்பம்தான். ஆனால் தீர்ப்பு எழுத்தில் இருக்கிறது.

"அங்க எங்களுக்கு அப்பிடி ஒராள் இருப்பாரா மாமா?" என்று கேட்டான். இத்தனை நாளில் அவன் கேட்ட முதல் நல்ல கேள்வி. தூதரகத்தின் தொழிலாளர் பிரிவு இலக்கத்தை போனிலும் கொப்பியிலும் எழுத வைத்தேன்.

மே 1, வியாழன்

மே தினம், மிசின் ஓடவில்லை. ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாக மேசையில் விரித்து மூன்று பேரும் இருந்தோம். அக்காவும் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தா. பக்கத்துத் தெருவில் ஒரு பெடியன் முகவர் ஒருவரிடம் ஐந்து லட்சம் கொடுத்து ஏமாந்தது அவவுக்கு மறக்கவில்லை. இது பணியக வழி என்பதில் மட்டும் ஒரு நிம்மதி.

சம்பளப் பக்கத்தை மருமகன் பாடமாக்கி வைத்திருக்கிறான். நான் கேட்டது மற்றவை. தங்குமிடம் எது, அதற்குச் சம்பளத்தில் வெட்டுவார்களா? சைரன் அடித்தால் ஒதுங்கும் அறை எங்கே? காயம் பட்டால் செலவு யாருக்கு? வேலை இடையில் நின்றால் டிக்கெட் யார் போடுவது? கடைசிக் கேள்விக்கான வரியை அக்காதான் கண்டுபிடித்தா. இரண்டு முறை சத்தமாக வாசித்தா. கொன்றாக்ட் முடிவதற்குள் ஆளைத் திருப்பி அனுப்பினால் என்ன என்பது தெளிவாக இல்லை. பயிற்சி வகுப்பில் எழுந்து கேட்கச் சொல்லிவிட்டிருக்கிறோம்.

மே 4, ஞாயிறு

மத்தியானம் செய்தி. யேமனில் இருந்து வந்த ஏவுகணை பென் குரியன் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் விழுந்திருக்கிறது. விமானங்கள் பல நிறுத்தம். அக்கா போன் எடுத்தா, ஒன்றும் பேசவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. நானும் வைக்கவில்லை.

மே 7, புதன்

மருமகன் வேலைக்கு வந்தான். பயணம் தள்ளிப் போகலாமாம். "விருப்பமில்லாட்டி விடு மனே, மிசின் இருக்கு, நான் இருக்கன்" என்றேன். தேக்குக் கட்டையைத் தள்ளிக்கொண்டே, "கடன் இருக்கே மாமா" என்றான்.

மே 20, செவ்வாய்

இரவு பஸ்ஸில் அனுப்பிவிட்டு வந்தேன். பெட்டி 23 கிலோ. மாசித்தூள், மிளகாய்த்தூள், இரண்டு போர்வை. மே மாதத்தில் அங்கே போர்வை எதற்கு என்று சிரித்தான். கொண்டு போ என்றேன்.

மே 23, வெள்ளி

காலையில் குரல் பதிவு வந்தது. அக்காவுக்கும் போட்டுக் காட்டினேன்.

"மாமா, வந்து சேர்ந்திட்டன். அறையில ஆறு பேர், ரெண்டு பேர் நம்மட பக்கம், அக்கரைப்பற்றும் செங்கலடியும். சுவர் கல்லு, மேல கொங்கிறீற்று, ஒழுக்கு இல்ல. சைரன் அடிச்சா போற அறைய முதல் நாளே காட்டினவங்க, ஒருக்கா ஓடியும் பாத்தன், பதினெட்டு செக்கன். அந்தக் கடைசிக் கேள்விக்கு இன்னும் பதில் தரல்ல. ஞாயிற்றுக்கிழம திரும்பக் கேக்கிறன்."