தம்பிக்கும் பாசிட்டிவ்

டெல்லியில் எங்கள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் மூத்த பெண்ணுக்கு சீலியாக். கோதுமையிலுள்ள குளூட்டன் சிறுகுடலைக் கெடுக்கும் நோய். மூன்று வேளையும் சப்பாத்தி சுடும் வீடு! அந்த அம்மா இப்போது என்னிடம் இட்லிக்கு மாவு அரைக்கப் பக்குவம் கேட்கிறார். (சாம்பாரில் உஷார். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும்.)

டாக்டர் அத்தோடு விடவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். தம்பிக்கும் பாசிட்டிவ். அவனுக்கு வயிற்றுவலியே கிடையாது, லேசான ரத்தசோகை மட்டும்தான்.

அப்புறம் தேடிப் படித்தேன். 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பொதுவாக 133 பேரில் ஒருவருக்கு. நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் 22 பேரில் ஒருவருக்கு. 2015-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது இந்த நெருங்கிய உறவுகளில் 7.5 சதவீதம். உடன்பிறந்தோரில் கிட்டத்தட்ட 9.

பாட்டி முன்ஜாக்கிரதையாக அன்றே எல்லோருக்கும் சப்பாத்தியை நிறுத்தப் பார்த்தார். டாக்டர் தடுத்துவிட்டார். கோதுமையை விட்டுவிட்டால் ரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, சோதனையில் நோய் தெரியாமல் போகலாமாம்.

அம்மாவுக்கு இல்லை. அப்பா? ஊசிக்குப் பயந்து இன்னும் லேப் பக்கமே போகவில்லை, மனுஷன்.