டயாலிசிஸுக்குக் கம்பெனி கொடுத்த பணம்: வரி எங்கே விழும்?

மெடிக்கல் பில் கொடுத்தால் வருஷத்துக்கு 15,000 ரூபாய் வரை வரி இல்லை என்று இன்னமும் பல அலுவலகங்களில் சொல்கிறார்கள். அந்தச் சலுகை 2018 ஏப்ரலோடு போய்விட்டது. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மருந்துக்கடை பில் காட்டி வாங்கும் பணம் முழுக்கச் சம்பளத்தோடு சேர்த்து வரி போடப்படும். மாதாமாதம் வரும் 'மெடிக்கல் அலவன்ஸ்' பற்றிக் கேட்கவே வேண்டாம்.

மிஞ்சியிருப்பது, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கம்பெனி தரும் பணத்துக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 17(2) பிரிவு தரும் விலக்கு (2026 ஏப்ரல் முதலான வருமானத்துக்கு அந்தச் சட்டத்தின் இடத்தில் 2025 சட்டம்; இங்கே சொல்லும் பிரிவு, விதி, படிவ எண்கள் பழைய சட்டத்தவை). இதற்கு உச்சவரம்பு கிடையாது, புதிய வரி முறையிலும் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரி எது என்று பார்க்க வேண்டும். அரசு, மாநகராட்சி ஆஸ்பத்திரி, அல்லது அரசு தன் ஊழியர்களுக்காக அங்கீகரித்த தனியார் ஆஸ்பத்திரி என்றால் என்ன நோய் என்ற கேள்வியே இல்லை. வருமான வரித் தலைமை ஆணையரின் அங்கீகாரம் மட்டும் உள்ள இடமென்றால், வருமான வரி விதி 3ஏ தரும் நோய்ப் பட்டியலில் அந்த நோய் இருக்க வேண்டும். புற்றுநோய்க்கு அதில் நிபந்தனை இல்லை, காலையில் ஏற்றி மாலையில் அனுப்பும் கீமோவும் செல்லும். சிறுநீரகம், இதயம், கல்லீரல் என்றால் ஆபரேஷன் நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடர்ந்து 3 நாளாவது ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். சில மணி நேரத்தில் முடிந்து வீடு திரும்பும் டயாலிசிஸ் இரண்டிலும் அடங்காது. எனவே சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போதே அரசு ஊழியர் திட்டத்தில் அது இருக்கிறதா என்று கேட்டு, அங்கீகாரக் கடிதத்தின் நகலை வாங்கிவிடுங்கள்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு இன்னொரு பொறி, 80டிடிபி: குறிப்பிட்ட தீவிர நோய்களின் சிகிச்சைச் செலவை வரிக்கான வருமானத்திலிருந்து கழிக்க விடும் பிரிவு. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு 40,000 ரூபாய் வரை கழிவு (நோயாளிக்கு 60 வயதானால் 1,00,000). கம்பெனி தந்த பணத்தை, செலவான தொகையிலிருந்து அல்ல, இந்த வரம்பிலிருந்தே கழிப்பார்கள். 42 வயதுக்காரருக்கு 3,00,000 செலவு, கம்பெனி 60,000 தந்தது என்று வைத்துக்கொள்வோம். கைக்காசு 2,40,000 போயும் கழிவு பூஜ்யம். அங்கீகாரமில்லாத சென்டர் என்றால் அந்த 60,000-க்கும் வரி. செஸ்ஸோடு 31.2% கட்டுபவருக்கு அதில் 18,720, இழந்த கழிவில் 12,480 போக, மிச்சம் 28,800தான். வரி விழுந்த பணத்தைக் கழிக்கத் தேவையில்லை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை, அநியாயம்தான்.

மனைவி, கணவன், பிள்ளைகளுக்கான செலவுக்கு 17(2) விலக்கு அப்படியே கிடைக்கும். பெற்றோர், உடன்பிறந்தோர் என்றால் உங்களைச் சார்ந்திருக்க வேண்டும். மாமனார், மாமியார் இதில் வரமாட்டார்கள்.

நோயின் பெயர் எழுதிய ஆஸ்பத்திரிச் சான்றிதழையும் பணம் கட்டிய ரசீதையும் மார்ச்சுக்கு முன்பே சம்பளப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்றிதழான படிவம் 16 வந்தபிறகு திருத்தச் சொல்லி அலைவது பெரும்பாடு.